சாமி முயலுக்கு வந்த டாக்டர்

எங்கள் தெருவுக்குக் குரங்குப் பயம் வந்தது ஒரு வாரப் பத்திரிகையால். அதற்கு முன்பும் காஞ்சிபுரத்தில் குரங்குகள் இருந்தன. கோயில் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்து, அர்ச்சனைத் தட்டோடு போகிறவர்களைச் சுங்கச்சாவடிக்காரர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கும். மாடியில் வடகம் காயவைத்தால் அதில் பாதி அவற்றுக்கு என்பது ஊர் வழக்கம். அதைத் தொல்லை என்று நினைத்தோமே தவிர ஆபத்து என்று யாரும் நினைத்ததில்லை. தொல்லை ஆபத்தாக மாறுவதற்கு அச்சடித்த காகிதம் ஒன்று வேண்டியிருக்கிறது.

அந்தக் காகிதத்தைப் படித்துச் சொன்னவள் நான்தான். பள்ளி இறுதி வகுப்பு தேறியவள் என்பதால், தெருவில் யார் வீட்டுக்கு எது அச்சாகி வந்தாலும் என்னிடம் கொண்டு வருவார்கள். கல்யாணப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ், பேதி மருந்து சீசாவின் மேல் ஒட்டியிருக்கும் துண்டு எல்லாவற்றையும் ஒரே கவலையோடுதான் படிப்பேன். மைசூர்ப் பக்கத்துக் காடுகளில் குரங்குகள் செத்து விழுகின்றன என்று அந்தக் கட்டுரையில் எழுதியிருந்தது. செத்த குரங்கின் மேலிருந்த உண்ணிகள் இறங்கி, விறகு பொறுக்கவும் மாடு மேய்க்கவும் காட்டுக்குள் போகிறவர்களைக் கடிக்கின்றன. கடிபட்டவர்களுக்குக் கடுமையான காய்ச்சல் வருகிறது. பக்கத்தின் நடுவில் பெரிதாக ஒரு குரங்குப் படம். உண்ணிக்குப் படம் போட இடமில்லை போலிருக்கிறது. அதனால் கேட்டவர்கள் எல்லோருக்கும் குரங்குதான் மனத்தில் நின்றது. படித்த எனக்கும் அப்படித்தான்.

எங்கள் தெருவின் சட்டசபை விடியற்காலையில் கூடும். பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு சரிசெய்யும் நேரம் அது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பதால் யாரும் நடுவில் எழுந்து போக முடியாது. யார் என்ன பேசினாலும் மற்றவர்கள் கேட்டே ஆகவேண்டும். அன்றைக்கு என் கணவர் பேசினார்.

"மைசூர்ல குரங்குக்குக் காய்ச்சல் வந்துகினு இருக்குதாம்பா. நம்ம ஊருக்கு வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"எந்த பஸ்ல வருதுன்னு கேளுய்யா, நிறுத்திடலாம்" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

"சிரிக்காதே. உன் வீட்டு மாடிலதான் குட்டி போட்டிருக்குது."

எதிர் வீட்டுக்காரரின் சிரிப்பு அங்கேயே நின்றது. சபை ஒருமனதாகத் தீர்மானித்தது. குரங்குகளைத் தெருவை விட்டு விரட்டவேண்டும். கவண்கல், தகர டப்பா, தீபாவளிக்கு மீந்த வெடி எல்லாம் வெளியே வந்தன. குரங்குகள் அடுத்த தெருவுக்குப் போயின. அடுத்த தெருவிலும் பத்திரிகை படிக்கிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். மார்கழி முழுவதும் குரங்குகள் இரண்டு தெருவுக்கும் நடுவில் குடித்தனம் மாற்றிக்கொண்டே இருந்தன. அவற்றில் ஒன்றுக்கும் காய்ச்சல் இல்லை. எல்லாம் நம்மைவிட ஆரோக்கியமாக இருந்தன.

என் பயம் தெருவின் பயத்தோடு அடங்கவில்லை. பையனுக்கு அப்போது மூன்று வயது. அவனை வாசலுக்கு விடவில்லை. மாடிக்கு விடவில்லை. விடாமல் வைத்திருந்தால் வெயில் படாமல் எலும்பு வளையுமோ என்று பயந்து, காலையில் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். கடைசியில், மசூதிப் பக்கம் மந்திரித்துக் கொடுக்கும் ஒரு பாயிடம் போய்த் தாயத்து வாங்கி வந்து அவன் அரைஞாண் கயிற்றில் கட்டினேன்.

என் கணவர் தறியில் உட்கார்ந்தபடியே பார்த்தார். "படிச்சவ நீயே தாயத்து கட்டினா, படிக்காதவ இன்னா கட்டுவா?"

"கட்டிகினு இருந்தா இன்னா கெட்டுப் போவுது?"

"ஒண்ணும் கெடாது. குரங்குக்கு அது தெரியணுமே, அதான்."

மாமியார் மட்டும் என் பக்கம் பேசினார். நூல் சுற்றுகிற ராட்டையை நிறுத்தாமலே, "இருக்கட்டும் வுடுடா. புள்ள இடுப்புல எதுனா இருந்தாதான் அழகு" என்றார். எங்கள் வீட்டில் நானும் அவரும் ஒரே கட்சியில் இருந்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

பொங்கல் வந்தது. பொங்கலுக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ சுற்றுக் கிராமங்களில் சாமி குதிரை வாகனத்தில் பார்வேட்டைக்குப் புறப்படும். என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, வாழ்க்கைப்பட்ட ஊர் மாகறல் பக்கம். அந்த ஊர் வழக்கப்படி ஆட்கள் ஏரிக்கரைப் புதரில் வலை கட்டி ஒரு முயலைப் பிடிப்பார்கள். மாலை போட்டு, சாமிக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றி, அதே புதரில் விட்டுவிடுவார்கள். சாமி வேட்டையாடியதாகவும் கணக்கு, முயல் பிழைத்ததாகவும் கணக்கு. இரண்டு தரப்புக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

அந்த வருடம் முயலுக்கு வலையில் கால் சுளுக்கிக்கொண்டது. விட்டார்கள், அது ஓடாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. சாமி பார்த்த முயலை நாய் கவ்விக்கொண்டு போகலாமா? நாத்தனார் அதைக் கோழி கவிழ்க்கும் கூடையில் வைத்து, மேலே மஞ்சள் துணி கட்டி, பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தம்பி புள்ளைக்குத்தான் எடுத்தாந்தேன். சாமி முயல் இருக்கிற வீட்டுல சீக்கு அண்டாது."

மாமியார் ஆரத்தி கரைத்தார். எனக்குக்கூடக் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும்தான் ஆரத்தி எடுத்தார்கள். முயலுக்குத் தறி அறையில் இடம் ஒதுக்கினார்கள். அங்கேதான் சூடு இருக்கும், குளிர் காற்று வராது. என் கணவர் கால் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழிக்குப் பக்கத்தில் கூடையைக் கவிழ்த்து, உள்ளே அறுகம்புல் போட்டோம். வீட்டு நாய் முதலில் உறுமியது. பிறகு கூடையின் மேல் முதுகைச் சாய்த்துத் தூங்கியது. பையனுக்குச் சோறு ஊட்டுவது அந்த நாளிலிருந்து சுலபமாயிற்று. முயலை மடியில் போட்டுக்கொண்டால் வாயைத் தானாகத் திறந்தான்.

முயலின் காதுகளில், உள்மடிப்பிலும் ஓரத்திலும், சாம்பல் நிறத்தில் பளபளவென்று மணிகள் தொங்கின. ஆமணக்கு விதை அளவுக்குச் சில, எள் அளவுக்குப் பல.

"பார்த்தியாமா, தோடு மாட்டிகினு வந்துருக்குது" என்று மாமியார் வியந்தார். "சாமி போட்ட தோடு."

அவை உண்ணி என்று எனக்குத் தெரியும். ஆனால் மாட்டுக்கு உண்ணி இல்லையா, நாய்க்கு உண்ணி இல்லையா? பத்திரிகையில் எழுதியிருந்தது குரங்கு உண்ணி, அதுவும் மைசூர் உண்ணி. முயல் மாகறல் பக்கத்தது. பூகோளப் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவள். இரண்டு ஊருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். மனத்தை அப்படிச் சமாதானப்படுத்திக்கொண்டு, கம்பை எடுத்துக்கொண்டு குரங்கு விரட்டப் போனேன். மாமியார் மட்டும் அவ்வப்போது, தோடு அதிகமாகிவிட்டது என்று தோன்றினால், ஒன்றிரண்டைப் பிடுங்கிக் கட்டை விரல் நகத்தில் வைத்துப் பட்டென்று நசுக்குவார்.

பங்குனி பிறந்தது. ஊரில் அம்மை போடும் காலம். வெயில் ஏறியதும் எந்தக் குழந்தைக்கு உடம்பு சுட்டாலும் தாய்மார்கள் முதலில் தோலைத்தான் பார்ப்பார்கள். என் பையனுக்கும் ஒரு மத்தியானம் உடம்பு சுட்டது. தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் தலையைச் சுவரில் மோதிக்கொண்டு அழுதான். சில நாளில் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் செம்புள்ளிகள் வந்தன. பிறகு கையெல்லாம், காலெல்லாம், முதுகெல்லாம்.

மாமியார் புள்ளிகளைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்துட்டாமா."

அதன் பிறகு வீடு என்னுடையதாக இல்லை. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுப்பில் தாளிக்கக் கூடாது. வெளியாள் வரக் கூடாது. தறி சத்தம் ஆத்தாளுக்கு ஆகாது என்று நிறுத்தினார்கள். பாதியில் நின்ற கல்யாணப் புடவை தறியிலேயே துணி போர்த்திக்கொண்டு படுத்தது. காய்ச்சல் என்ற சொல்லை உச்சரிக்கக் கூடாது. "ஆத்தா வெளையாடுறா" என்றுதான் சொல்லவேண்டும். மிக முக்கியமாக, டாக்டர் கூடாது, மருந்து கூடாது. விருந்தாளியாக வந்தவளுக்கு விஷம் வைப்பதற்குச் சமம் அது.

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே பார்த்தேன். எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருக்கிறது. என் தம்பிக்குப் போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து விசிறியிருக்கிறேன். முத்து நீர் கோத்து வரும், பிறகு காயும். இவன் புள்ளிகளில் நீர் கோக்கவே இல்லை. மணல்வாரி அம்மை என்று வைத்தால் மூக்கு ஒழுகவேண்டும், கண் சிவக்கவேண்டும். இரண்டும் இல்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். அங்கேயும் புள்ளி. உள்ளங்காலிலும் புள்ளி. அம்மையில் அப்படியும் வரும் என்று ஒரு நிமிடம் நினைப்பேன். வராது என்று அடுத்த நிமிடம் நினைப்பேன். படித்தவள் என்ற திமிரில் ஆத்தாளைச் சோதிக்கிறேனோ என்று பயந்து வேப்பிலையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். பிறகு மறுபடியும் உள்ளங்கையை விரிப்பேன்.

"சும்மா சும்மா புள்ள கையைத் தொறந்து தொறந்து பாக்காதமா. அவ கோவிச்சிக்குவா."

"அத்தை, அம்மைன்னா இத்தினி நாள் காய்ச்... விளையாடுவாளா?"

"அவளுக்கு நாள் கணக்கு நீ சொல்லித் தரப் போறியா?"

பையன் இளநீரைக்கூட விழுங்காமல் கிடக்கத் தொடங்கினான். கூப்பிட்டால் கண்ணைத் திறப்பான், என்னைத் தெரிந்துகொள்ளாமல் மூடிக்கொள்வான். என் கணவர் தறி அறை வாசலில் நின்று அம்மாவின் முகத்தைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார், பிறகு நாயைப் பார்ப்பார். எங்கள் வீட்டில் முடிவெடுக்க வேண்டிய நேரங்களில் அவர் நாயைப் பார்ப்பது வழக்கம்.

அந்த நிலைமையில் முயல் புல் தின்பதை நிறுத்தியது.

மாமியாருக்கு அதுவரை இருந்த நிதானமெல்லாம் போயிற்று. ஆத்தா வந்தால் போவாள், அதற்கு முறை இருக்கிறது. சாமி முயல் நம் வீட்டில் செத்தால் அதற்கு என்ன முறை? யாருக்கும் தெரியாது. நாத்தனார் ஊரில் எந்த முகத்தோடு நிற்பது?

"டேய், ஓடுடா. மாட்டாஸ்பத்திரி டாக்டரை இட்டாடா."

என் கணவர் திகைத்தார். "வெளியாள் வரக் கூடாதுன்னியே, அம்மா?"

"அவரு முயலுக்குத்தானே வர்றாரு? புள்ளைக்கா வர்றாரு? ஆத்தாளுக்கு அவ்ளோ கூடவா தெரியாது?"

அந்தச் சட்ட நுணுக்கத்தை நான் மறுக்கவில்லை. என் பிள்ளைக்கு வராத டாக்டர் முயலுக்காவது வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மாட்டு டாக்டர் சைக்கிளில் வந்தார். தோல் பையை எடுத்துக்கொண்டு படி ஏறியவர் வேப்பிலையைப் பார்த்து ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார்.

"அம்மை வீடாச்சே. நான் வரலாமா?"

"புள்ள பக்கம் பாக்காம நேரா உள்ள போங்க சார்" என்றார் மாமியார்.

டாக்டர் வலது கையைக் குதிரைக்குக் கண்மறைப்பு கட்டினது போல முகத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, கூடத்தில் படுத்திருந்த என் மகனைக் கடந்து தறி அறைக்குப் போனார். கூடையைத் தூக்கினார். முயலின் காதைப் புரட்டினார்.

"ரத்தத்தை எல்லாம் உறிஞ்சிடுச்சே! இவ்வளவு நாளா யாரும் பார்க்கலையா?"

"பார்த்துகினுதான் இருந்தோம். தோடு மாதிரி அழகா இருந்திச்சி சார். சாமி பாத்த முயல்."

"சாமி முயலைப் பார்த்திருக்கும்மா. காதைப் பார்த்திருக்காது."

கிண்ணத்தில் மண்ணெண்ணெய் கேட்டார். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, மெதுவாக இழுத்து, ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டார். மாமியார் உதவி செய்கிற எண்ணத்தோடு ஒன்றைப் பிடுங்கி நகத்துக்குக் கொண்டுபோனார்.

"நசுக்காதீங்க! அதுக்குள்ள என்ன நோய் இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? அந்த ரத்தம் உங்க விரல்ல படலாமா?" என்று அவர் கத்திய கத்தலில் மாமியார் கையைப் புடவையில் துடைத்து, புடவையை மோந்து பார்த்தார்.

பிறகு டாக்டர் நாயைக் கூப்பிட்டார். காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் பார்த்தார். அங்கேயும் இருந்தன. தறிக்குழியின் மண்சுவரைக் குச்சியால் கிளறினார். வெடிப்பிலிருந்து எள் மாதிரி ஏதோ உதிர்ந்து நடந்தது.

"காட்டுல, புதர்ல எலி, முயல், கீரி மேலெல்லாம் இது இருக்கும். அதுங்களுக்குப் பெரிசா ஒண்ணும் செய்யாது. ரத்தம் குடிச்சதும் கீழே விழுந்துடும். சுவர் இடுக்குல ஒளிஞ்சுகிட்டுத் தோல் உரிக்கும். உரிச்சதும் மறுபடி பசிக்கும். அப்போ முன்னாடி முயல் நிக்குதா, நாய் நிக்குதா, ஆள் நிக்கிறானான்னு அது பார்க்காது. முதல்ல குடிச்ச ரத்தத்துல நோய் இருந்தா அடுத்ததுக்கு ஏத்திவிட்டுடும்."

என் கணவர் தறிக்குழிக்குள் இத்தனை நாள் தொங்கவிட்ட தன் கால்களை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். என் காதில் வேறு எதுவும் விழவில்லை. மைசூரிலிருந்து காஞ்சிபுரம் வரைக்கும் நான் போட்டு வைத்திருந்த தூரம் முழுவதும் ஒரு கோழிக்கூடையின் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது.

"சார், அது பிள்ளைங்களைக் கடிச்சா?"

டாக்டர் பையை மூடினார். "மனுஷங்களைப் பத்தி நான் பேசக் கூடாதும்மா. எனக்கு நாலு காலுக்குத்தான் அதிகாரம். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தான் கேட்பாங்க."

நான் நகரவில்லை. கதவை மறித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் ஒரு பெரிய மனிதர் போகிற வழியில் நான் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்ப உட்கார்ந்து, முயலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, முயலிடமே பேசுவது போல ஆரம்பித்தார்.

"இந்த முயலுக்குக் காய்ச்சல் இருக்குதா?"

"ரொம்ப நாளா இருக்குது சார்."

"புள்ளி வந்துச்சா?"

"வந்துச்சி. உள்ளங்கை, உள்ளங்கால்ல எல்லாம் இருக்குது."

மாமியார் குறுக்கே வந்தார். "முயலுக்கு ஏதுமா உள்ளங்கை?"

டாக்டர் முயலின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். தடவுகிற கை வேகமாயிற்று.

"புள்ளியில நீர் கோத்திருக்குதா?"

"இல்ல சார்."

"எங்கேயாவது கறுப்பா, ஊதுவத்தியால சுட்ட மாதிரி ஒரு பொருக்கு?"

"பாக்கல சார்."

"முயலை நல்லாப் பாருங்கம்மா. அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னாடி, கயிறு கியிறு கட்டியிருந்தா அதுக்குக் கீழே. இருந்தா உடனே இந்த முயலைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போங்க. வீட்டுல உண்ணி இருந்துச்சுன்னு அங்கே மறக்காம சொல்லுங்க. இந்த முயலுக்கு மருந்து இருக்குது. நாள் கடத்தினா மருந்து இருந்தும் பிரயோஜனம் இல்லை."

கண்ணை மறைத்துக்கொண்டு வந்த வழியே போனார். ஆனால் கூடத்தைக் கடக்கும்போது அந்தக் கையைச் சற்று இறக்கினார்.

நான் பையனைப் புரட்டினேன். அக்குளில் இல்லை. தொடையில் இல்லை. காதுக்குப் பின்னால் இல்லை. அரைஞாண் கயிற்றைச் சுற்றிலும் நகர்த்தினேன், இல்லை. தாயத்து மட்டும் நகரவில்லை. தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விரலில் எச்சில் தொட்டு ஈரப்படுத்தித் தூக்கினேன். அதற்குக் கீழே, ஓரம் சிவந்து, நடுவில் கறுத்து, ஊதுவத்தி நுனியால் சுட்ட அதே அளவில் ஒரு பொருக்கு. குரங்கு வராமல் காக்க நான் கட்டின தகடு, உண்ணிக்கு வெயில் படாமல் கூரையாக இருந்திருக்கிறது. சாவகாசமாக உட்கார்ந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறது.

மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். தோடு பிடுங்கிய கட்டை விரலால் அந்த இடத்துக்குப் பக்கத்தில் தொட்டார். ஆத்தாள் பெயரை அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

"பூ கட்டிப் பாப்போம்."

வாழை இலைத் துண்டுகளில் ஒன்றில் மல்லிகை, ஒன்றில் செவ்வரளி வைத்துப் பொட்டலம் கட்டி, மாரியம்மன் படத்துக்கு முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சிவப்பு வந்தால் போகக் கூடாது. பக்கத்து வீட்டுச் சிறுமியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். அவள் எடுத்துக் கொடுத்தாள். மாமியார் பிரித்தார். சிவப்பு.

மாமியார் அரளியை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்து, பட்டு வியாபாரியிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "ஆஸ்பத்திரின்னு சொன்னேன், எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லல. அதான் உனக்குக் கொழப்பம். மறுபடி கேக்கறேன்."

மறுபடியும் சிவப்பு.

"இந்தப் பொண்ணு சளி புடிச்ச கையால எடுத்துட்டா. ஏண்டி, மூக்கைத் தொடைச்சிட்டு எடுக்க மாட்டியா?" சிறுமி பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டுவிட்டு, இந்தத் தடவை கை கூப்பவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இதோ பாரு. நீ போட்ட முத்துன்னா இத்தினி நாள்ல எறங்கியிருப்பே. இது உன்னுது இல்ல. உன்னுது இல்லாததுல நீ ஏன் நடுவுல வர்றே? ஒழுங்கா சொல்லு."

மல்லிகை வந்தது.

"அப்பிடிச் சொல்லு" என்று மாமியார் எழுந்தார். "டேய், இன்னாடா நாயைப் பாத்துகினு நிக்கறே? ரிக்‌ஷா இட்டா."

பெரியாஸ்பத்திரி டாக்டர் இளவயதுக்காரர். எங்கள் முறை வந்தபோது எட்ட இருந்தே பார்த்து, "மணல்வாரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. வீட்டில் உண்ணி இருந்தது என்றேன்.

"யார் உங்களுக்கு இதெல்லாம் சொல்றது?"

"மாட்டு டாக்டர்" என்றார் என் கணவர்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளையை மாட்டு டாக்டர்கிட்டயா காட்டினீங்க?"

"இல்ல சார். முயலைத்தான் காட்டினோம்."

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் அதற்குமேல் விளக்கம் சொல்லாமல் பையனின் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். பிறகு உள்ளங்காலை. பிறகு சட்டையை உயர்த்தி இடுப்பை. அந்தப் பொருக்கைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார். அதன் பிறகு அவர் முயலைப் பற்றி நிறையக் கேட்டார். சிரிக்கவில்லை.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். கசப்பு மருந்தை மூக்கைப் பிடித்து ஊற்றினோம். மாமியார் கட்டிலில் வேப்பிலை செருகினார். நர்ஸம்மா எடுத்துப் போட்டார். மாமியார் மறுபடி செருகினார். மருந்தும் வேப்பிலையும் போட்டி போட்டுக்கொண்டிருந்தபோதே ஒரு காலையில் பையன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். பார்த்து, "முயல் எங்கம்மா?" என்றான். என்னைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறானா என்று எனக்குச் சந்தேகம். திரும்பக் கேட்கச் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்து என் கையைத் தட்டிவிட்டான். அப்போதுதான் நம்பினேன்.

பையன் பிழைத்ததற்கான பெருமையை ஊரே பங்கு போட்டுக்கொண்டது. ஆத்தா இறங்கி வந்து விட்டுக்கொடுத்தாள் என்றார் மாமியார். தாயத்து இல்லாவிட்டால் உண்ணி உயிர்நாடியில் கடித்திருக்கும் என்றார் பாய். சாமி முயல் தான் பட்டினி கிடந்து டாக்டரை வரவழைத்தது என்று நாத்தனார் அழுதார். யோசித்துப் பார்த்தால் அதை மட்டும் என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. தெருச் சட்டசபையில் என் கணவர் உண்ணியைப் பற்றி விரிவாகப் பேசினார். பாவின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். முடிவில் எதிர் வீட்டுக்காரர், "அப்போ குரங்குங்கதான் இந்த உண்ணியைக் கொண்டாந்து போட்டிருக்குது" என்றார். சபை அதை ஏற்றுக்கொண்டது. கவண்கல் தொடர்ந்தது.

என் கணவர் மட்டும் தறிக்குழிச் சுவரை இடுக்கில்லாமல் பூசி, சுண்ணாம்பு அடித்தார். நாயை வாரத்துக்கு ஒரு தடவை மாட்டாஸ்பத்திரிக்கு நடத்திப் போய்க் காட்டி வந்தார். முயலுக்கு உடம்பும் காலும் தேறியதும் பஸ்ஸில் கொண்டுபோய் அதே ஏரிக்கரையில் விட்டார். நின்று திரும்பிப் பார்த்ததா என்று மாமியார் கேட்டார். பார்க்கவே இல்லை என்றார்.

பையன் இப்போது ஒன்றாம் வகுப்புப் போகிறான். சாயங்காலம் வந்ததும் விளக்கடியில் நிறுத்தி, காது, அக்குள், அரைஞாண் எல்லாம் பார்க்கிறேன். பார்த்து முடித்ததும் ஒழுங்காகப் பார்த்தேனா என்று சந்தேகம் வரும். மறுபடியும் கூப்பிட்டால் அவன் ஓடுகிறான். ஆத்தாள்தான் காப்பாற்றினாள் என்று ஊரெல்லாம் சொல்லும் மாமியார், அவன் ஓடி வந்து தன் மடியில் விழும்போது முதுகைத் தடவுகிற மாதிரி கயிற்றைச் சுற்றிலும் விரலை ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். நான் பார்ப்பது தெரிந்தால் கையை எடுத்துக்கொள்வார்.

போன பொங்கலுக்கு நாத்தனார் வந்தார். தலையில் கூடை. மேலே மஞ்சள் துணி. நான் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் மாமியார் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார். பெற்ற மகளை வா என்று கூடச் சொல்லவில்லை.

"உள்ள இன்னாடி இருக்குது?"

"சக்கரவள்ளிக் கெழங்கும்மா. நம்ம கொல்லையில வெளைஞ்சது."

"எறக்கு. மொதல்ல நான் பாக்கறேன்."

நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே கூடையை இறக்கினார். மாமியார் வெயிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு கிழங்காக எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து உள்ளே அனுப்பினார். நான் வாங்கி வைத்தேன். வாங்கும்போது நானும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன்.